பொட்டலமாக வரும் சேதி

தவளைத் தசையில் நரம்பு வந்து சேரும் இடத்தில், நுண்ணிய கண்ணாடி மின்முனையைக் குத்திவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பால் ஃபாட்டும் பெர்னார்ட் காட்ஸும். நரம்பைத் தூண்டவே இல்லை. தசை சும்மாதான் கிடந்தது. ஆனாலும் அரை மில்லிவோல்ட் அளவில் சின்னச் சின்னத் துடிப்புகள் தாறுமாறான இடைவெளியில் வந்துகொண்டே இருந்தன. கருவிக் கோளாறு என்று தள்ளியிருக்கலாம். இவர்களோ துருவிப் பார்த்து 1952-ல் விரிவாக எழுதினார்கள். நரம்பியலில் இதைவிடப் பலன் தந்த இரைச்சல் கிடையாது என்பேன்.

துடிப்புகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவு. தசையை ஊறவைத்த கரைசலில் கால்சியத்தைக் குறைத்து, மக்னீசியத்தைக் கூட்டி, நரம்பைத் தூண்டிப் பார்த்தார்கள். தசையின் பதில் சுருங்கியது. அந்தச் சுருங்கிய பதிலும் ஒரு துடிப்பு, இரண்டு துடிப்பு, மூன்று துடிப்பு என்ற கணக்கில்தான் வந்தது. சில சமயம் ஒன்றுமே வரவில்லை. 1954-ல் காட்ஸும் அவருடைய சக ஆய்வாளர் டெல் காஸ்டில்யோவும் முடிவுக்கு வந்தார்கள்: மளிகைக் கடையில் உப்பை அள்ளித் தராமல் பொட்டலமாகவே விற்பதுபோல, நரம்பும் தசைக்குச் சேதி கொண்டுபோகும் அசிட்டைல்கோலின் என்ற தூதுப்பொருளைக் கட்டுக் கட்டாகவே வெளியிடுகிறது. அதே காலத்தில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பொட்டலங்களே கண்ணில் பட்டன. சுமார் 40 நானோமீட்டர் குறுக்களவுள்ள நுண்பைகள். ஒன்றில் சில ஆயிரம் மூலக்கூறுகள்.

இவற்றை நிரப்புவது லேசான வேலை இல்லை. உள்ளே ஏற்கெனவே நெரிசல். பையின் சுவரில் இருக்கும் புரதப் பம்பு ஆற்றலைச் செலவழித்து ஹைட்ரஜன் அயனிகளை உள்ளே திணிக்கிறது. அவை வெளியே வர முட்டும்போது, இன்னொரு புரதம் அவற்றுக்கு வழிவிட்டு, பதிலுக்குத் தூதுப்பொருளை உள்ளே இழுத்துக்கொள்கிறது. நம் நாட்டு வைத்தியத்துக்குப் பழக்கமான சர்ப்பகந்தி வேரிலிருந்து 1952-ல் பிரித்தெடுத்த ரெசர்பின், டோபமைன், நார்அட்ரினலின் போன்ற தூதுப்பொருள்களை உள்ளே இழுக்கும் புரதத்தை முடக்கிவிடும். பைக்குள் போக முடியாத சரக்கை நரம்பணுவின் நொதிகளே சிதைத்துவிடும். அதனால்தான் ரெசர்பின் ரத்த அழுத்தத்தை இறக்கும் மருந்தானது.

நிரம்பிய பைகளில் சில, நரம்பு முனையின் சவ்வை ஒட்டித் தயாராக நிற்கும். பையில் ஒரு புரதம், சவ்வில் இரண்டு. மூன்றும் ஒன்றையொன்று முறுக்கிப் பையைச் சவ்வோடு நெருக்கும். மின்துடிப்பு வந்ததும் கால்சியம் உள்ளே பாயும். சினாப்டோடாக்மின் என்ற புரதம் அதைப் பிடித்ததும் பை சவ்வோடு கலந்து திறந்துகொள்ளும். எல்லாம் ஒரு மில்லிவினாடிக்குள். இந்த ஏற்பாட்டை விளக்கியதில் பங்குள்ள ராத்மன், ஷெக்மன், சூடாஃப் மூவருக்கும் 2013-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தப் புரதங்கள் எவ்வளவு முக்கியம் என்பது இரண்டு கிருமிகளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. பையில் இருக்கும் புரதத்தை டெட்டனஸ் நஞ்சும் வெட்டுகிறது, பாட்டுலினம் நஞ்சின் ஒரு வகையும் வெட்டுகிறது; வெட்டும் இடம்கூட ஒன்றேதான். ஆனால் பாட்டுலினத்தால் உடல் துவண்டுபோகும், டெட்டனஸால் விறைத்துக்கொள்ளும். காரணம், பாட்டுலினம் தசையை இயக்கும் நரம்பு முனையிலேயே தங்கிவிடுகிறது. டெட்டனஸ் நஞ்சு அதே நரம்பின் வழியாகத் தண்டுவடம்வரை ஏறிப்போய், தசையை அடக்கிவைக்கும் நரம்பணுக்களின் பைகளை அடைத்துவிடுகிறது.