உங்கள் அலமாரிக்கு எந்த இ-ரீடர்?

கிண்டிலா, கோபோவா என்று கேட்பவர்களில் பாதிப் பேர் திரையைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். எதில் எழுத்து காகிதத்தில் அச்சடித்தது மாதிரி இருக்கும், எதில் கண் வலிக்காது என்பதே பேச்சு. ஆனால் பெட்டியில் எந்தக் கம்பெனியின் பெயர் இருந்தாலும், உள்ளே இருக்கும் திரை அநேகமாக ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது. தைவானைச் சேர்ந்த ஈ-இங்க் நிறுவனம்தான் கிண்டில், கோபோ, பூக்ஸ் எல்லாவற்றுக்கும் திரை கொடுக்கிறது. ஒரே தலைமுறையைச் சேர்ந்த இரண்டு கருவிகளை அருகருகே வைத்து எது கண்ணுக்கு இதம் என்று யூடியூபில் மணிக்கணக்காகப் பார்ப்பது, என்னைக் கேட்டால், வீண் வேலை. நீங்கள் என்ன படிக்கிறீர்கள், அது எந்த வகைக் கோப்பாகக் கிடைக்கிறது என்பதுதான் கருவியைத் தீர்மானிக்க வேண்டும்.

அதற்காக அந்தத் திரையை அப்படியே கடந்துபோகவும் மனம் வரவில்லை. ஜோசப் ஜேக்கப்சன் என்ற இயற்பியலாளர் கடற்கரையில் உட்கார்ந்து கையிலிருந்த புத்தகத்தைப் படித்து முடித்துவிட்டாராம். அடுத்ததாகப் படிக்க ஒன்றுமில்லை. இதே தாள்களில் வேறொரு புத்தகம் வந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தார் என்பார்கள். பிறகு எம்.ஐ.டி. மீடியா லேபில் சேர்ந்தவர், அங்கே இளநிலைப் பட்டப்படிப்பில் இருந்த பாரெட் காமிஸ்கி, ஜே.டி. ஆல்பர்ட் என்ற இரண்டு மாணவர்களை இந்த வேலையில் இறக்கினார். 1997-இல் ஈ-இங்க் கம்பெனி தொடங்கியது. 1998-இல் நேச்சர் இதழில் ஆய்வுக் கட்டுரை வந்தது. இந்தத் திரையோடு முதலில் கடைக்கு வந்த இ-ரீடர், 2004-இல் சோனி ஜப்பானில் வெளியிட்ட லிப்ரியே. 2007 நவம்பரில் வந்த முதல் கிண்டிலின் விலை 399 டாலர்; ஐந்தரை மணி நேரத்தில் விற்றுத் தீர்ந்தது. 2009-இல் ஈ-இங்க்கைத் தைவான் நிறுவனம் ஒன்று வாங்கியது.

அவர்கள் செய்தது இதுதான். ஒரு மெல்லிய படலத்துக்குள், வெந்த ஜவ்வரிசி போல ஒளி ஊடுருவும் மணிகள் லட்சக்கணக்கில் பரப்பப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன். மணிக்குள் தெளிந்த திரவம். அதில் வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும் மிதக்கின்றன. வெள்ளை, டைட்டானியம் டை ஆக்சைடு. சுவருக்கு அடிக்கும் பெயின்ட்டை வெள்ளையாக்குவதும் அதே பொருள்தான். கறுப்பு, கார்பன். ஒன்றுக்கு நேர்மின்னேற்றம், மற்றதற்கு எதிர்மின்னேற்றம். அடியிலிருக்கும் மின்முனை எந்தத் துகளைத் தள்ளுகிறதோ அது மேலே வரும், மற்றது கீழே போகும். மேலே வந்த துகள் மின்சாரத்தை நிறுத்தினாலும் இறங்குவதில்லை. சார்ஜ் தீர்ந்த கருவியில்கூடக் கடைசிப் படம் அழியாமல் நிற்பது இதனால்தான். திரைக்குப் பக்கம் திருப்பும்போது மட்டும் மின்சாரம் செலவாவதால் பேட்டரி வாரக்கணக்கில் தாங்குகிறது.

இதற்கு விலையும் உண்டு. துகள் திரவத்தில் நீந்தி வர நேரம் எடுக்கும். வீடியோவெல்லாம் இதில் ஒத்துவராது. சில துகள்கள் முழுசாக நகராமல் பாதி வழியில் நின்றுவிட்டால், முந்தைய பக்கத்தின் நிழல் புதிய பக்கத்தில் மங்கலாகத் தெரியும். அதைத் துடைக்கத்தான் கருவி அவ்வப்போது திரை முழுவதையும் ஒருமுறை கறுப்பாக்கி வெள்ளையாக்குகிறது. புதிதாக வாங்கியவர்கள் இதைப் பார்த்துத் திரை கெட்டுவிட்டதோ என்று பயப்படுவதுண்டு.

இந்தத் திரைக்குச் சொந்த ஒளி கிடையாது. ஓரத்தில் உள்ள எல்இடி விளக்குகளின் வெளிச்சம் மேற்பரப்பில் பரவி, துகள்களில் பட்டுத் திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது. செல்போனில் ஒளி திரையிலிருந்தே நேராகக் கண்ணைப் பார்த்து வருகிறது. தூக்கத்தை இ-ரீடர் கெடுக்கிறது என்று ஒரு செய்தி அடிக்கடி சுற்றிவரும். அதன் மூலம், அமெரிக்காவின் பிரிகாம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனை ஆய்வாளர்கள் 2014 கடைசியில் வெளியிட்ட ஆய்வு. பங்கேற்றவர்கள் 12 பேர். படுப்பதற்கு முன் நான்கு மணி நேரம் படித்தார்கள். அச்சுப் புத்தகம் படித்த நாள்களைவிடத் தூக்கம் வரச் சுமார் 10 நிமிடம் கூடுதலாக ஆனது. ஆனால் அவர்கள் கையில் இருந்தது ஐபேட்! ஆய்வுக் கட்டுரை அதை ‘ஒளி உமிழும் இ-ரீடர்’ என்றது. செய்தித் தலைப்புகளில் ‘ஒளி உமிழும்’ மட்டும் உதிர்ந்துபோனது.

தமிழ் படிப்பவர்கள் திரையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு, அதன் நுணுக்கம். முதல் கிண்டிலில் அங்குலத்துக்கு 167 புள்ளிகள். இன்றைய நல்ல கருவிகளில் 300. அச்சில் 10 பாயின்ட் என்று சொல்லும் அளவில் ஓர் எழுத்துக்கு ஒதுக்கும் உயரம், பழைய திரையில் 23 புள்ளிகள், புதியதில் சுமார் 42. ஆங்கிலத்தின் ‘ஐ’, ‘எல்’ போன்ற நேர்கோட்டு எழுத்துகள் 23-இலேயே பிழைத்துக்கொள்ளும். நம் ‘ண’வைப் பாருங்கள். அத்தனை சுழியையும், அவற்றுக்கு நடுவே வெள்ளை இடைவெளியையும் அதற்குள் அடைக்க வேண்டும். ‘ண’வும் ‘ன’வும் அடுத்தடுத்து வந்தால் கண் ஒரு நொடி தடுமாறும். பழைய கருவி மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுப்பவர்கள், 300-க்குக் கீழே இறங்க வேண்டாம்.

வண்ணத் திரை வேண்டுமா? பெரும்பாலானவர்களுக்கு வேண்டாம். இப்போது பரவலாக இருக்கும் வகையில், கறுப்பு-வெள்ளைத் திரையின் மேல் வண்ண வடிகட்டி ஒன்று போர்த்தியிருக்கிறது. அதனால் பின்புலம் சற்று மங்கும். வண்ணத்தில் நுணுக்கம் 150 புள்ளியாகக் குறையும். காமிக்ஸ் பிரியர்கள் மட்டும் யோசிக்கலாம்.

அடுத்தது எழுத்துரு. ‘கொ’ என்று தட்டச்சு செய்தால் கணினி முதலில் ‘க’வையும், அதற்குப் பிறகே உயிர்க்குறியையும் சேமிக்கிறது. காட்டும்போதோ ஒற்றைக்கொம்பு முன்னால் வர வேண்டும், கால் பின்னால் வர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்யும் மென்பொருள் கருவியில் இல்லாவிட்டால், கொம்பு தனியாகப் பிய்ந்து ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு நிற்கும். ஆரம்ப காலக் கருவிகளில் தமிழ் இப்படித்தான் சிதைந்தது. அதைச் சமாளிக்கத்தான், 2013-இல் தொடங்கிய ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்துத் தன்னார்வலர்கள் ஈபப் என்ற மின்னூல் வடிவக் கோப்புகளோடு ‘ஆறு இன்ச் பிடிஎஃப்’ என்று ஒன்றையும் கொடுத்தார்கள். எழுத்தின் தோற்றத்தை அப்படியே உறையவைத்து, ஆறு அங்குலத் திரைக்கென்றே பக்கம் வெட்டியது. 2016 டிசம்பரில் அமேசான் கிண்டில் கடையில் தமிழ் நூல்கள் வந்தன. இன்று கிண்டிலில் தமிழ் பிசகாமல் தெரிகிறது. மற்ற கருவிகளைப் பொறுத்தவரை, வாங்குவதற்கு முன் ஒரு தமிழ் ஈபப்பைத் திறந்து ‘கௌரவம்’, ‘ஸ்ரீரங்கம்’, ‘நொய்யல்’ மூன்றையும் பார்த்துவிடுவது நல்லது.

தமிழ் வாசகருக்குப் பெரிய சிக்கல் ஸ்கேன் செய்த பிடிஎஃப். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்து நூல்களைச் சேர்த்துவைத்திருக்கும் நூலகம் தளம் இரண்டிலும் கிடைக்கும் பழைய நூல்களில் பெரும்பகுதி பக்கம் பக்கமாக எடுத்த படம். அதில் எழுத்தை மட்டும் பெரிதாக்க வழியில்லை. நம் டெம்மி அளவுப் புத்தகத்தின் பக்கம் சுமார் ஐந்தரைக்கு எட்டரை அங்குலம். ஆறு அங்குலக் கருவி என்பது மூலைக்கு மூலை அளவு. உண்மையில் அகலம் 3.6, உயரம் 4.8 அங்குலம்தான். முழுப் பக்கத்தையும் அதில் பொருத்தினால் அசலில் பாதிக்குச் சற்று மேலான அளவுக்குச் சுருங்கும். 11 பாயின்ட் எழுத்து ஆறு பாயின்ட் ஆகிவிடும். கருவியைப் படுக்கைவாட்டில் திருப்பினால் எழுத்து வளரும், ஆனால் ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று தடவை தள்ள வேண்டும். 10.3 அங்குலத் திரையின் உயரம் 8.2, டெம்மி பக்கம் ஏறக்குறைய அசல் அளவிலேயே நிற்கும். விலை அதிகம், மல்லாந்து படுத்துப் படித்தால் கை கடுக்கும். ஆராய்ச்சிக்கோ பழைய இதழ்களுக்கோ என்றால் அதையே வாங்குங்கள். கதையும் கட்டுரையும் ஸ்கேன் படமாக இல்லாமல் யுனிகோடு எழுத்தாகப் படிப்பவருக்கு ஏழு அங்குலம் தாராளம்.

சேமிப்பிடம் பற்றியும் இதே கணக்குதான். யுனிகோடு தமிழில் ஒரு குறியீட்டுக்கு மூன்று பைட் ஆகும். அப்படியும் பெரிய நாவல் ஒன்று சில எம்பியில் அடங்கும். ஸ்கேன் பிடிஎஃப் ஒன்றே அதைப் போலப் பல மடங்கு விழுங்கும்.

வாங்கிய நூலைக் கடைக்காரரின் பிடியிலேயே வைத்திருக்கும் பூட்டு விஷயத்தை விளம்பரங்கள் சொல்லாது. 2009 ஜூலையில், உரிமை இல்லாத ஒருவர் விற்ற பதிப்பு என்று சொல்லி, காசு கொடுத்து வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்து ஒரு நாவலை அமேசான் தானே அழித்தது. பணத்தைத் திருப்பித் தந்தது, மன்னிப்பும் கேட்டது. அந்த நாவல் ஆர்வெல்லின் ‘1984’. 2025 பிப்ரவரியில், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி யுஎஸ்பி வழியே மாற்றும் வசதியையும் நிறுத்திவிட்டார்கள். தமிழ் நூல்களின் எண்ணிக்கையில் கிண்டில் கடையை மிஞ்ச ஆளில்லை என்பதும் உண்மை; புதிய எழுத்தாளர்களைத்தான் படிப்பேன் என்பவர்கள் இந்தப் பூட்டைச் சகித்துக்கொள்ளத்தான் வேண்டும். கோபோ ஈபப்பை நேராகத் திறக்கும். கோரீடர் என்ற இலவச மென்பொருளை அதில் ஏற்றினால் பிடிஎஃபின் ஓர வெள்ளையைக் கத்தரித்தும் காட்டும். எது வாங்கினாலும் கணினியில் காலிபர் இருக்கட்டும். கோவித் கோயல் என்ற இந்தியர் 2006-இல் தன் சோனி கருவிக்காக எழுதத் தொடங்கிய இந்த இலவச மென்பொருள், பூட்டில்லாத கோப்புகளை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித் தரும்.

படித்தது மனதில் நிற்குமா? நார்வேயைச் சேர்ந்த ஆன் மாங்கனும் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இருவரும் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், 50 பேருக்கு ஒரே துப்பறியும் கதையைக் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு அச்சில், பாதிப் பேருக்குக் கிண்டிலில். புரிதலில் பெரும்பாலும் வித்தியாசமில்லை. எது முன்னால் நடந்தது, எது பின்னால் என்று வரிசைப்படுத்துவதில் மட்டும் அச்சில் படித்தவர்கள் முந்தினார்கள். படித்த பக்கங்கள் இடது கையில் கனத்து, மீதி வலது கையில் மெலிவது மூளைக்கு ஒரு குறிப்பாக உதவுகிறது என்பது அவர்கள் ஊகம். ‘பொன்னியின் செல்வ’னின் ஐந்து பாகங்களையும் இ-ரீடரில் படிக்கும்போது எந்தச் சதி எந்தப் பாகத்தில் என்று குழம்பினால், தேடலில் ‘ஆழ்வார்க்கடியான்’ என்று அடித்தால் அவன் தலைகாட்டும் இடமெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். இணையத்தில் மின்னூல் தொகுப்பான மதுரைத் திட்டத்தின் யுனிகோடு பதிப்பு என்றால்தான் இது நடக்கும். ஸ்கேன் பிடிஎஃபில் அவனைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.