ஏட்டிலுள்ள உரிமையும் சட்டம் பயிலும் இளையோரும்

சட்டக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளைக் கண்டால், "எப்போது கறுப்பு அங்கி போடப் போகிறாய்?" என்று கேட்பது நம் வழக்கம். படிப்பு முடிந்து, வழக்கறிஞராகப் பதிவு செய்த பிறகுதான் அவர்களால் சமுதாயத்திற்குப் பயன் என்று நாம் எண்ணிவிடுகிறோம். நம் நாட்டின் உச்ச நீதிமன்றத்திற்கு வந்த இரண்டு வழக்குகள் இந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ளச் சொல்கின்றன.

'லைக்' போட்டதற்குக் கைது

2012 நவம்பரில் சிவசேனைத் தலைவர் பால் தாக்கரே இறந்தபோது மும்பையில் கடைகள் அடைக்கப்பட்டன. இந்தக் கடையடைப்பு தேவைதானா என்று மகாராஷ்டிராவின் பால்கர் ஊரைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் முகநூலில் எழுதினார். தோழி ஒருவர் அதற்கு 'லைக்' போட்டார். இருவருமே கைது செய்யப்பட்டனர். அவர்கள் மீது பதியப்பட்ட பிரிவுகளுள் ஒன்று, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு. இணையத்தில் ஒருவர் எழுதியது 'மிகவும் புண்படுத்துவதாக' இருந்தாலே அவருக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை தர அது வழிசெய்தது. எது புண்படுத்தும், யாரைப் புண்படுத்தும் என்பதற்குச் சட்டத்தில் விளக்கம் இல்லை.

இதை எதிர்த்து ஷ்ரேயா சிங்கல் என்ற 21 வயதுப் பெண் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு தாக்கல் செய்தார். 2015 மார்ச் 24 அன்று தீர்ப்பு வந்தபோது அவர் டெல்லியில் சட்டம் படித்துக்கொண்டிருந்தார். நீதிபதிகள் செலமேஸ்வர், நரிமன் ஆகியோர் 66ஏ பிரிவு முழுவதையும் செல்லாது என்று அறிவித்தனர். ஒரு கருத்தை விவாதிப்பதும், அதற்காகப் பரிந்து பேசுவதும், அது எவ்வளவுதான் பிறருக்குப் பிடிக்காமல் போனாலும், பேச்சுரிமையின் உயிர்நாடி. அந்தப் பேச்சு வன்முறைக்கோ குற்றத்திற்கோ தூண்டும் நிலையை அடையும்போதுதான் சட்டம் குறுக்கிடலாம் என்று அவர்கள் விளக்கினர்.

நீதிமன்றத்தின் கதவு திறந்தது

இரண்டாவது வழக்கைத் தொடுத்தவர் ஸ்வப்னில் திரிபாதி என்ற சட்ட மாணவர். பயிற்சிக்கு வரும் மாணவர்கள் சில நாட்களில் உச்ச நீதிமன்ற அறைக்குள் அனுமதிக்கப்படுவதில்லை. நாட்டு மக்கள் அனைவரையும் பாதிக்கும் வழக்குகளை மக்களே பார்க்க முடியாதா என்பதே அவருடைய கேள்வி. மூத்த வழக்கறிஞர் இந்திரா ஜெய்சிங் உள்ளிட்டோரும் இதே கோரிக்கையுடன் வந்திருந்தனர். 2018 செப்டம்பர் 26 அன்று நேரடி ஒளிபரப்புக்கு நீதிமன்றம் இசைவு தந்தது. அரசியல் சாசன அமர்வின் விசாரணைகள் 2022 செப்டம்பர் 27 முதல் ஒளிபரப்பாகின்றன.

தீர்ப்புக்குப் பிறகும் தொடர்ந்த வழக்குகள்

வெற்றிக் கதை இத்துடன் முடிந்திருந்தால் நாமும் மகிழ்ந்து ஓய்ந்திருக்கலாம். ஆனால் 66ஏ பிரிவு செத்த பின்னும் நடமாடியது. பல மாநிலங்களில் காவல் துறையினர் அதன் கீழ் வழக்குப் பதிந்துகொண்டே இருந்தனர். மக்கள் சிவில் உரிமைக் கழகம் இதை நீதிமன்றத்தின் கவனத்திற்குக் கொண்டுவந்தது. தீர்ப்பின் நகலை எல்லா மாநிலங்களுக்கும் அனுப்பும்படி 2019-இல் உத்தரவு பிறந்தது. அப்படியும் நிற்கவில்லை. 2021-இல் நீதிபதிகள் அதிர்ச்சி தெரிவித்தனர். இப்பிரிவின் கீழ் இனி எவர் மீதும் வழக்கு நடத்தக்கூடாது என்று 2022 அக்டோபரில் மீண்டும் ஒருமுறை சொல்ல வேண்டியதாயிற்று. டெல்லியில் சொன்ன ஒரு தீர்ப்பு காவல் நிலையத்து மேசைக்கு வந்து சேர ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது!

இங்குதான் சட்ட மாணவர்களுக்குப் பெரிய பணி காத்திருக்கிறது. எல்லாரும் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியதில்லை. சட்டக் கல்லூரிகளில் இலவசச் சட்ட உதவி மையங்கள் அமைய 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டமே இடம் தருகிறது. மாணவர்கள் நீதிமன்றத்தில் வாதாட முடியாது என்பது உண்மையே. ஆனால் மனு எழுத உதவலாம். எளியவர்களை ஆணையத்தின் வழக்கறிஞரிடம் அழைத்துச் செல்லலாம். கிராமங்களில் சட்ட விழிப்புணர்வு தரலாம்.

சொல்ல வேண்டியவை ஏராளம். கைது செய்யப்படுபவருக்கு அதன் காரணத்தைச் சொல்ல வேண்டும். பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்திற்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். புகார் கொடுத்தவருக்கு முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசமாகக் கிடைக்க வேண்டும். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்போர் ஆகியோர் வருமானம் எவ்வளவாயினும் இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுள்ளவர்கள். இவற்றை அறியாமல் நம் அக்கம்பக்கத்தில் எத்தனை பேர் அஞ்சி நிற்கிறார்கள் என்பதைச் சிந்தித்துப் பார்ப்போம்.

நம் குடும்பங்களில் சட்டம் படிக்கும் பிள்ளைகள் இருந்தால், தேர்வு மதிப்பெண்ணை மட்டும் கேட்காமல், "இந்த வாரம் யாருக்கு அவருடைய உரிமையை எடுத்துச் சொன்னாய்?" என்றும் கேட்போம். தீர்ப்பை எழுதுவது நீதிபதிகளின் வேலை. அதைத் தெருவுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது படித்தவர்கள் எல்லாருடைய கடமை.