லீவு எடுக்கும் வண்டு

நம் நாட்டு செம்பனைத் தோட்டங்களின் தலையெழுத்தை மாற்றியது ஒரு கூன்வண்டு. ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டிலிருந்து 1981-இல் கொண்டுவந்து இங்கே விட்டார்கள். அதுவரை பல தோட்டங்களில் செம்பனைப் பூவுக்கு மகரந்தத் தூளை மனிதர்கள்தான் தூவிக்கொண்டிருந்தார்கள். வண்டு பரவிய ஓரிரு வருடத்தில் அந்த வேலையே இல்லாமல் போனது. இதை ஒருநாள் வானொலியில் சொன்னபோது, தோட்டத்தில் அந்த வேலையைச் செய்த ஓர் அம்மா அழைத்தார். "எங்க வேலைய அது செய்யுதே, அதுக்கு லீவே கிடையாதா தம்பி?" என்று கேட்டார்.

கிடையாது. செம்பனை வருடம் முழுக்கப் பூக்கிறது. வண்டும் வருடம் முழுக்க வேலை பார்க்கிறது. ஆனால் அம்மாவின் கேள்வி என்னை விடவில்லை. தேடிப் படித்தபோது, அதே ஆப்பிரிக்காவில், கட்டாய லீவு எடுக்கும் இன்னொரு கூன்வண்டு கிடைத்தது. பெயர் ஸ்மைக்ரோனிக்ஸ். இருப்பது புர்கினா பாசோ, மாலி, வட கானா போன்ற இடங்களில்.

அதன் சாப்பாட்டைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அங்கே ஏழைக் குடும்பங்களின் உணவு சோளமும் கம்பும். (நாம் வேகவைத்துக் கடிக்கும் மக்காச்சோளம் அல்ல, மணி மணியாக இருக்கும் வெள்ளைச் சோளம்.) அந்தப் பயிரின் வேரில் ஒட்டிக்கொண்டு சத்தை உறிஞ்சும் களை ஸ்ட்ரைகா. பார்க்க அழகான ஊதாப் பூ. அதன் உறவுக்காரச் செடி ஒன்றைத் தமிழ்நாட்டு விவசாயிகள் சுடுமல்லி என்கிறார்கள். பயிர் வெயிலில் வாடியதுபோல் நிற்கும். களை தலைகாட்டும்போது பாதி சேதம் மண்ணுக்கடியில் முடிந்திருக்கும். ஒரே செடி பல்லாயிரம் விதைகளைப் போடும். தூசி மாதிரி விதை. பத்து வருடத்துக்கு மேலும் மண்ணில் உயிரோடு கிடக்கும். பக்கத்தில் சோள வேர் கசியும் ஒரு ரசாயனத்தை முகர்ந்தால்தான் முளைக்கும்.

இந்தக் களையின் பூவில்தான் ஸ்மைக்ரோனிக்ஸ் முட்டையிடுகிறது. புழு காய்க்குள் வளர, காய் உருண்டையாக வீங்கி, விதை பிடிக்காமல் போகும். வளர்ந்த புழு காயைத் துளைத்து வெளியேறி, மண்ணில் விழுந்து, சின்ன மண்கூடு கட்டிக்கொள்ளும். அதற்குள் மழை நின்றுவிடும். அங்கே அக்டோபரிலிருந்து மே வரை ஏறக்குறைய எட்டு மாதம் வறட்சி. தின்ன ஒரு சுடுமல்லிகூட இருக்காது. நம் கும்பகர்ணன் ஆறு மாதம்தான் தூங்கினார். இது அவரையும் மிஞ்சிவிடுகிறது.

இது சோம்பல் தூக்கமும் இல்லை, பசி மயக்கமும் இல்லை. இந்த உறக்கநிலைக்கு உயிரியலில் டயாபாஸ் என்று பெயர். கஷ்டகாலம் வருமுன்பே பூச்சியின் உடல் தயாராகிவிடும். கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, மூச்சைக் குறைத்து, வளர்ச்சியை நிறுத்திவைக்கும். மழை வந்தபின் வெளியே வரும்போது களை பூக்கும் நேரமாக இருக்க வேண்டும். முந்தினாலும் பட்டினி, பிந்தினாலும் பட்டினி.

ஆக, ஒரே வயலில் விவசாயியின் எதிரியும் தூங்குகிறது, நண்பனும் தூங்குகிறது. ஆனால் எதிரிக்கு அவசரமில்லை. இந்த வருடம் சோளம் விதைக்காவிட்டால் அடுத்த வருடம், அதுவும் இல்லையென்றால் அதற்கடுத்த வருடம் எழுந்துகொள்ளும். வண்டுக்கு அந்தச் சொகுசு இல்லை. மாலி நாட்டு நிலைமையை வைத்து 1993-இல் வெளியான ஒரு கணக்கு இதை முகத்தில் அடித்தாற்போல் சொன்னது. களைச்செடிகள் பாதியாகக் குறைய வேண்டுமானால், வண்டு ஆண்டுதோறும் 95 விழுக்காடு விதைகளை அழிக்க வேண்டுமாம்! வண்டை மட்டும் நம்பி உட்கார முடியாது என்பதுதான் அதன் அர்த்தம். கையால் களை பிடுங்குவது, பயறு வகைகளை மாற்றிப் பயிரிடுவது, களையைத் தாங்கும் சோள ரகம் எல்லாம் கூடவே வேண்டும்.

இடம் மாற்றிப் பார்த்ததும் உண்டு. 1970களில் இந்தியாவிலிருந்து இதே இனத்து வண்டு ஒன்றை, ஓர் அந்துப்பூச்சியோடு சேர்த்து, எத்தியோப்பியாவுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அவை அங்கே நிலைத்துவிட்டதாக உறுதியாகவில்லை. செம்பனை வண்டுக்கு இங்கே எந்த மாதம் வந்திறங்கினாலும் பூ இருந்தது. லீவு எடுக்கும் பூச்சியோ புது ஊரின் நாள்காட்டியோடும் ஒத்துப்போயாக வேண்டும். அது சின்ன விஷயமில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

களை பிடுங்குவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பிடுங்கிய சுடுமல்லியைக் குவித்துக் கொளுத்தினால், வீங்கிய காய்க்குள் இருக்கும் புழுவும் சேர்ந்து எரியும். விவசாயியைக் குறை சொல்ல முடியுமா? அடுத்த வருடச் சோற்றைப் பறிக்கும் செடியை யார்தான் வயலில் விட்டுவைப்பார்கள்?

இதற்கு ஒரு வழியை ஓரோபாங்கி என்ற இன்னொரு ஒட்டுண்ணிக் களையிடம் கண்டார்கள். புகையிலை, தக்காளி, சூரியகாந்தி வேர்களைப் பிடிக்கும் களை அது. அதைத் தின்னும் சின்ன ஈ, கூட்டுப்புழுவாகக் காய்ந்த தண்டுக்குள்ளும் உறங்கும். பழைய சோவியத் நாட்டில் அந்தத் தண்டுகளை எரிக்காமல் சேர்த்துவைத்து, அடுத்த பருவத்தில் வெளிவரும் ஈக்களை வயலில் விட்டார்கள். குப்பை என்று கொளுத்தியிருக்க வேண்டியதைக் குளிர்காலம் முழுக்கக் கட்டிக் காத்தார்கள்.