சமையற்கட்டுக்குள் வந்த சானிடரி இன்ஸ்பெக்டர்

அந்நாளில் ஆனித் திருமஞ்சனமோ ஆருத்ரா தரிசனமோ நெருங்கினால், சிதம்பரம் சன்னதித் தெரு காபி கிளப்புகளுக்குத் தேர்க்கூட்டத்துக்கு முன்பே சானிடரி இன்ஸ்பெக்டர் வந்துவிடுவார். காலரா பயம் அப்படி. 1939-இன் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் திருவிழாக்களுக்கென்றே தனி அத்தியாயம் உண்டு. இந்தியாவில் இத்தனை விரிவான சுகாதாரச் சட்டம் போட்ட முதல் மாகாணம் சென்னைதான்.

ஓட்டல் நடத்த அப்போது 'டி அண்ட் ஓ' லைசென்ஸ் வேண்டியிருந்தது. 1920-இன் நகராட்சிச் சட்டம், ஆபத்தும் அருவருப்பும் தரும் தொழில்களுக்கு வைத்த ஏற்பாடு அது. தோல் பதனிடுவோரும் கத்தரிக்காய் கொத்சு போடுவோரும் ஒரே பட்டியலில்! கடலூர் 1866-லும் சிதம்பரம் 1873-லும் நகராட்சியான ஊர்கள். அங்கே அந்தக் காகிதம் இல்லாமல் கல்லா திறக்க முடிந்ததில்லை.

அந்த இன்ஸ்பெக்டருக்குக் கருவி கண்ணும் மூக்கும்தான். டம்ளர் கழுவும் தொட்டியில் பால் ஏடு மிதக்கிறதா, சாக்கடை அடுப்படிக்கு எத்தனை அடி, சரக்கு மாஸ்டர் விரலிடுக்கில் சொறி இருக்கிறதா என்று பார்ப்பார். தொற்றுநோய்க்காரர் உணவைத் தொடக்கூடாது என்பதும் சுகாதாரச் சட்டத்தில் இருந்தது. மாமூலுக்குத்தான் வந்தார்கள் என்று முதலாளிகள் சொல்வார்கள், அதுவும் உண்டு.

1955 ஜூன் 1-இல் கலப்படத் தடைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மாதிரிக்கு எடுத்த பாலை மூன்று பங்காக்கி, கெடாமலிருக்கச் சொட்டுச் சொட்டாய் ஃபார்மலின் விட்டு, அரக்கு முத்திரை வைத்து, ஒரு பாட்டில் பகுப்பாய்வுக்குப் போகும். பின்னாளில் தண்டனை குறைந்தது ஆறு மாதச் சிறை, 1000 ரூபாய் அபராதம் என்று இறுகியது. கேசரிப் பருப்பும் சாயம் போட்ட மஞ்சள்தூளும் மாட்டின, நல்லதுதான். ஆனால் அலுவலரின் கவனமெல்லாம் பாட்டிலுக்குப் போய்விட்டது. பால் முத்திரைக்குள் போயிற்று. தொட்டித் தண்ணீர் தொட்டியிலேயே கிடந்தது.

2011 ஆகஸ்ட் 5 முதல் அதன் இடத்தில் புதிய உணவுப் பாதுகாப்புச் சட்டம். மூன்று பங்கு நான்கானது, பதிவு ஆன்லைன் ஆனது, ஊழியருக்கு வருடம் ஒரு மருத்துவச் சான்று.

அந்த ஊழியரைப் பார்த்தவர் யார்? கடலூரில் திருப்பாதிரிப்புலியூர் பஸ் நிலையப் பக்கம் பரோட்டாக் கல் முன் நிற்கும் பையனின் முன்கையைப் பாருங்கள். எண்ணெய் தெறித்த தழும்பு முழங்கை வரை வரிசையாக ஏறியிருக்கும். ராத்திரி மைதா மூட்டைகளுக்கு நடுவே படுக்கை. 1958-இன் உணவு நிறுவனச் சட்டப்படி நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேர வேலை. எந்தப் பரோட்டாக் கடையில்?

உணவுப் பாதுகாப்பு அலுவலர் உணவைப் பார்ப்பார். தொழிலாளர் துறை பதிவேட்டைப் பார்க்கும். காய்ச்சலோடு மாவு பிசைகிறவன் இரண்டு பேர் கண்ணிலும் படுவதில்லை. லீவு போட்டால் கூலி இல்லை. சின்னக் கடைகளுக்கு இ.எஸ்.ஐ. எட்டுவதும் அபூர்வம். காய்ச்சல் என்று அவன் ஏன் வாய் திறக்கப் போகிறான்?