கணினி புதிது, கோப்பு பழையது: தமிழ் எழுத்துப் பொருந்தாமையும் தீர்வும்

பிள்ளைகள் விளையாடுவதற்கென வாங்கிய கணினியை மேம்படுத்துவது இன்று பல இல்லங்களில் வழக்கமாகிவிட்டது. புதிய விளையாட்டுக்குப் பழைய வரைகலை அட்டை போதாது. அட்டையை மாற்றினால் மின்வழங்கி போதாது. செயலியை மாற்றினால் தாய்ப்பலகையையும் மாற்ற நேரிடும். இத்தகைய பொருந்தாமை பெரும்பாலும் உடனே புலப்படும். டிடிஆர்4 நினைவகப் பட்டையை டிடிஆர்5 பலகையில் செருக முயன்றால், வெட்டு இடம் மாறியிருப்பதால் பட்டை உள்ளே செல்லாது. பொருளே நம்மைத் தடுத்து எச்சரிக்கிறது.

அதே கணினியில் தங்கியுள்ள தமிழ்க் கோப்புகள் அவ்வாறு எச்சரிப்பதில்லை. விளையாட்டு செவ்வனே இயங்கும். இருபது ஆண்டுகளுக்கு முன் தட்டச்சு செய்த நாடகப் பிரதியோ தேர்வுத்தாளோ தாத்தாவின் கட்டுரையோ திறந்தவுடன் பொருளற்ற குறிகளாய் நிற்கும். கோப்பு கெட்டுவிட்டதென்று கருதி அதனை அழித்துவிடுவோர் பலர். பெரும்பாலும் அது கெடவில்லை. அதனைப் படிக்கும் திறவுகோலே தொலைந்திருக்கிறது. இதனை விளக்கி, திறவுகோலைத் தேடும் முறையைக் கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

பொருந்தாமை தோன்றும் காரணம்

கணினி எழுத்தைச் சேமிப்பதில்லை, எண்ணையே சேமிக்கிறது. பழைய எழுத்துருக்களில் 256 இடங்களே இருந்தன. அவற்றுள் முதல் 128 இடங்கள் ஆங்கிலத்துக்கு உரியவை. தமிழ் எழுத்துகளோ 247. ஆகவே எழுத்துரு வகுத்தோர் கொம்பு, துணைக்கால், புள்ளி முதலிய வரிவடிவத் துண்டுகளுக்கு இடம் தந்து, அவற்றை இணைத்து எழுத்தாக்கினர். எந்தத் துண்டுக்கு எந்த எண் என்பதில் ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகவில்லை. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்னும் சொல் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு சிறிய ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவுமே சேமிக்கப்படுகிறது. எழுத்துரு இருந்தால் அது தமிழ், இல்லையேல் புதிர்.

இக்குழப்பத்தைத் தீர்க்கும் முயற்சியில் இவ்வட்டாரத்துக்கும் பங்குண்டு. 1997இல் சிங்கப்பூரில் கூடிய தமிழ் இணைய மாநாடு இச்சிக்கலைப் பொதுமேடைக்குக் கொணர்ந்தது. திஸ்கி குறியாக்கம் இணையவழிக் கலந்துரையாடலில் உருவாயிற்று. 1999இல் சென்னை மாநாட்டையடுத்துத் தமிழ்நாட்டரசு டாம், டாப் என்னும் இரு குறியாக்கங்களை அறிவித்தது. இறுதியில் நிலைபெற்றது ஒருங்குறி. அதில் ‘கொ’ என்பது, கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி கொம்பு, ககரம், துணைக்கால் எனச் சேமிக்கப்படுவதில்லை. முதலில் ககரமும் அதன்பின் ஒகரக் குறியும் என்றே சேமிக்கப்படுகிறது. உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்னும் தொல்காப்பிய நூன்மரபுக் கருத்தோடு இது இயைவதை மாணவர்கள் நோக்குக.

குறிகளைக் கொண்டு காரணம் அறிதல்

திரையில் தோன்றும் குறிகள் காரணத்தைத் தாமே சொல்லும்.

ஒன்று: ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து வந்தால், அது பாமினி போன்ற எழுத்துருவில் எழுதப்பட்டது.

இரண்டு: பிரெஞ்சு முதலிய ஐரோப்பிய மொழிகளுக்குரிய, தலையில் கோடும் புள்ளியும் ஏந்திய எழுத்துகள் நிறைந்திருந்தால், திஸ்கி அல்லது டாப் எனக் கருதலாம்.

மூன்று: தலையில் சாய்கோடு தாங்கிய ‘ஏ’ என்னும் ஆங்கில எழுத்தும் வட்டத்துக்குள் ‘ஆர்’ என்னும் வணிகக் குறியும் மீண்டும் மீண்டும் வந்தால், அது ஒருங்குறிக் கோப்பே, கணினி அதனை வேறொரு குறியாக்கமாகத் தவறாகப் படிக்கிறது. திறக்கும்போது யுடிஎஃப்-8 எனத் தெரிவு செய்தால் போதும்.

நான்கு: வெற்றுக் கட்டங்கள் தெரிந்தால், தமிழ் எழுத்துரு அக்கணினியில் இல்லை.

ஐந்து: புள்ளிகளாலான வட்டம் தோன்றினால், உயிர்க்குறி தனக்குரிய மெய்யைச் சாராமல் தனித்து நிற்கிறது.

ஆறு: வெறும் கேள்விக்குறிகளே இருந்தால், அந்தப் படியில் எழுத்து உண்மையாகவே அழிந்துவிட்டது. தவறாகத் திறந்த கோப்பை அப்படியே சேமித்தால் இவ்வழிவு நேரலாம்.

தீர்க்கும் முறை

முதல் விதி, மூலக்கோப்பின் மேல் எதனையும் சேமிக்கலாகாது. படியெடுத்து, படியிலேயே பணி செய்தல் வேண்டும்.

அடுத்து, எழுத்துருவின் பெயரை அறிதல் வேண்டும். சொற்செயலிக் கோப்பாயின், எழுத்துரு இல்லாத கணினியிலும் அதன் பெயர் எழுத்துருப் பெட்டியில் பெரும்பாலும் காணப்படும். பழைய வட்டைத் துடைப்பதற்கு முன் அதிலுள்ள எழுத்துருக் கோப்புறையைப் படியெடுத்து வைத்தோர்க்கு இவ்விடத்தில் இடர் இல்லை. அவ்வெழுத்துருவை நிறுவியவுடன் கோப்பு படிக்கத்தக்கதாகும்.

பழைய தமிழ்ச் செயலியையே புதிய கணினியில் இயக்குவோம் என எண்ணுவோர் ஒன்றை அறிதல் வேண்டும். விண்டோஸ் 3.1 காலத்துச் செயலிகள் பல 16 நுண்மிக்கு எழுதப்பட்டவை. 64 நுண்மி விண்டோஸ் அவற்றை இயக்காது. விண்டோஸ் 11 அவ்வடிவில் மட்டுமே வருகிறது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தமையால், இம்மாற்றத்தை நெடுங்காலம் தள்ளிப்போட இயலாது.

எனவே எழுத்துருவை நிறுவுவது இடைக்காலத் தீர்வே. குறியாக்க மாற்றியின் துணையால் ஒருங்குறிக்கு மாற்றுவதே நிலைத்த தீர்வு. முழுக்கோப்பையும் மாற்றுவதற்கு முன் கொ, கோ, கௌ, ணை, னை, டி, டு ஆகியவை அமைந்த ஒரு பத்தியை மாற்றிச் சரிபார்க்க. பாமினிக் கோப்பில் இடையிடையே உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருப்பின், மாற்றி அவற்றையும் தமிழாகக் கொண்டு சிதைத்துவிடும். அவற்றை முன்னரே பிரித்துவைத்தல் நன்று.

மாற்றிய பின்னும் எஞ்சுவன

கண்ணுக்குச் சரியாகத் தோன்றும் எழுத்து, கணினிக்குச் சரியாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. ‘கௌதமன்’ என்னும் பெயரில் ஔகாரக் குறிக்கு மாறாக ஒற்றைக்கொம்பும் ளகரமும் இடப்பட்டிருக்கலாம். ‘ஸ்ரீ’ என்பதற்கும் இரு சேமிப்பு முறைகள் உண்டு: ஸகரத்தில் தொடங்குவது ஒன்று, 2005இல் ஒருங்குறியில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்குவது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றொன்று கிடைக்காமற் போகலாம். பெயர்ப்பட்டியல் வைத்திருக்கும் ஆசிரியர்கள் இவ்விரண்டையும் தேடிப் பார்த்து ஒருமைப்படுத்துதல் வேண்டும்.

கடந்த தலைமுறை இவ்வட்டாரத்தில் எழுதியவற்றுள் அச்சேறாதவை பல, இத்தகைய கோப்புகளிலேயே உறைகின்றன. எழுத்துருவின் பெயரை நினைவில் வைத்திருப்போர் இன்று நம்மிடையே உள்ளனர். வட்டுகளும் இன்னும் சுழல்கின்றன. மாணவர்கள் வீட்டுக் கணினியை மேம்படுத்துமுன், “இதில் பழைய தமிழ்க் கோப்பு ஏதேனும் உண்டா?” எனப் பெரியோரைக் கேட்க. ஆசிரியர்கள் பள்ளியின் பழைய வட்டுகளை ஒரு பருவ விடுமுறையிலேனும் திறந்து பார்க்க. பழைய கணினியைக் கழிக்குமுன் இதனைச் செய்துவிட்டால், இழப்பு என நாம் எண்ணுவதிற் பெரும்பகுதி இழப்பாகாமல் நிற்கும்.