யு0100: பேசாத பெட்டி எது?

கார் ஸ்கேனரில் ‘யு0100’ என்ற பிழைக் குறியீடு வந்ததுமே இன்ஜின் கம்ப்யூட்டரை மாற்றச் சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. அவசரம் வேண்டாம். அதைப் பதிவு செய்தது இன்ஜின் கம்ப்யூட்டர் அல்ல. அதனிடமிருந்து தகவல் வரவில்லை என்று ஏபிஎஸ் போன்ற வேறொரு கட்டுப்பாட்டுப் பெட்டி சொல்லும் புகார் அது. ஃபியூஸ் போயிருக்கலாம், எர்த் ஒயர் துருப்பிடித்திருக்கலாம், பேட்டரியே இறங்கியிருக்கலாம்.

1986இல் பாஷ் நிறுவனம் அறிமுகப்படுத்திய கேன் (CAN) எனும் தகவல் தொடர்பு முறையில், பெட்டிகள் ஒன்றோடொன்று பேசுவது முறுக்கிய இரண்டு ஒயர்களில்தான். சும்மா இருக்கையில் இரண்டிலும் சுமார் 2.5 வோல்ட். பேசும்போது ஒன்று 3.5க்கு ஏறும், மற்றது 1.5க்கு இறங்கும். வெளி மின் இரைச்சல் இரண்டையும் ஒன்றாக அசைப்பதால் வித்தியாசம் பெரிதாக மாறாது.

சிக்னல் முனையில் மோதித் திரும்பாமலிருக்க இரு கோடியிலும் 120 ஓம் மின்தடை உண்டு. பேட்டரியைக் கழற்றி, சில நிமிடம் விட்டு, ஸ்கேனரை மாட்டும் ஓபிடி சாக்கெட்டின் 6, 14ஆம் பின்களில் மல்டிமீட்டரை வையுங்கள். இரண்டு தடைகளும் இணையாக இருப்பதால் 60 ஓம் காட்ட வேண்டும். 120 என்றால் எங்கோ ஒயர் அறுந்திருக்கிறது, அல்லது ஒரு தடை போயிற்று. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் ஒயர்கள் உரசி ஷார்ட். புதிய கார்கள் சிலவற்றில் சாக்கெட்டுக்கும் மற்ற பெட்டிகளுக்கும் நடுவே கேட்வே என்ற இடைப் பெட்டி இருக்கும். அங்கே இந்த அளவு கேட்வே வரைக்கும்தான் செல்லும்.