அலமாரியில் காத்திருக்கும் மெழுகுக் கட்டிகள்



மங்கலம்பேட்டையிலிருந்து ஒரு தாயார் மார்பகக் கட்டிக்காக வேலூருக்கோ புதுச்சேரிக்கோ சென்று அறுவைச் சிகிச்சை செய்துகொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சில நாட்களில் அவர் வீடு திரும்பிவிடுவார். அகற்றிய திசுவில் ஒரு சிறு துண்டு மட்டும் மருத்துவமனையில் தங்கிவிடும். அதைப் பார்மலினில் ஊறவைத்து, பாரஃபின் மெழுகில் பதித்து, எண் எழுதி அலமாரியில் வைப்பார்கள். அது பல ஆண்டுகள் கெடாது.

நோயின் பெயரைச் சொல்ல அதிலிருந்து சில மெல்லிய சீவல்கள் போதும். மீதியை ஏன் பாதுகாக்க வேண்டும்?

உடலின் வேலைகளைச் செய்பவை புரதங்கள். மரபணு சமையல் குறிப்பு என்றால், புரதம் இலையில் பரிமாறப்படும் உணவு. மார்பகப் புற்றுநோயாளிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஹெர்-2 என்ற புரதம் மிகுந்திருக்கும். அதைத் தடுக்கும் டிராஸ்டுசுமாப் மருந்து 1998-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஒரு புரதத்தை அறிந்ததற்கே இத்தனை பயன். ஆயிரக்கணக்கான புரதங்களை ஒருசேர அறிந்தால் எப்படியிருக்கும்!

அதற்கு ஒரு தடை இருந்தது. பார்மலின் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. சூளையில் சுட்ட பீங்கான் மறுபடி களிமண் ஆகாது என்பது விருத்தாசலம் பகுதியினருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பார்மலின் பட்ட திசுவும் அப்படித்தான் என்று எண்ணினார்கள். ஆனால் பீங்கானை இறுக்கும் சூடே இங்கே முடிச்சை அவிழ்க்கிறது. கொதிநிலை அளவுக்குச் சூடாக்கினால் பிணைப்புகளில் பல விட்டுப்போகின்றன. பிறகு டிரிப்சின் என்ற நொதி புரதங்களைத் துண்டுகளாக நறுக்குகிறது. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்னும் கருவி அத்துண்டுகளை எடைபோட, எந்தப் புரதம் எவ்வளவு என்று கணினி கணக்கிடுகிறது.

இத்துறையில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. 2014-ல் பெங்களூர் உயிர்த்தகவலியல் நிறுவனத்தாரும் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, 17,000-க்கும் மேற்பட்ட மரபணுக்களின் புரதங்களைக் காட்டும் மனிதப் புரத வரைபடத்தை வெளியிட்டார்கள். சிட்னியில் 2016-ல் தொடங்கிய புரோகேன் திட்டம் புற்றுத் திசுக்களைப் பெருமளவில் இவ்வாறு ஆராய்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் தேசியப் புற்றுநோய்த் திசு வங்கி உள்ளது.

பழைய கட்டிகளுக்குத் தனி மதிப்பு உண்டு. பத்து ஆண்டுகளுக்கு முந்தைய கட்டி என்றால், அதற்குரியவர் நலமாயிருக்கிறாரா, நோய் திரும்பியதா என்பது பதிவேட்டில் இருக்கும். இரு சாராரின் புரதங்களையும் ஒப்பிட்டு, ஆபத்தை முன்கூட்டியே சொல்லும் புரதங்களைத் தேடலாம். இன்னும் இது பெரும்பாலும் ஆராய்ச்சிதான். எல்லா ஊரிலும் செய்யும் சோதனையாகிவிடவில்லை.

இதற்கெல்லாம் அடிப்படை எளிய ஒழுங்கு. மார்பகத் திசு பார்மலினில் 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும். எண் அழியக் கூடாது. எல்லாவற்றிலும் முக்கியமாக, நோயாளி மறுபரிசோதனைக்கு வரவேண்டும். அவர் வராவிட்டால் அவருடைய கட்டி ஊமையாகிவிடும்.

சிகிச்சை முடிந்த ஒருவர் உங்கள் தெருவில் இருந்தால், அடுத்த பரிசோதனை என்றைக்கு என்று விசாரியுங்கள். பேருந்துக் கட்டணம் இல்லாமல் அவர் நின்றுவிட வேண்டாம்.